தண்டுவடத்திற்கு ஒரு சாரம்

ஏர்வாடியில் எங்கள் சித்தப்பா பனையிலிருந்து விழுந்தவர். இடுப்பிற்குக் கீழ் உணர்ச்சியில்லை. "கையில அறுந்த நரம்பு கூடுதே, முதுகுல மட்டும் ஏன்பா கூடல?" என்று என்னைக் கேட்டார்.

கை, கால் நரம்பு அறுபட்டால் ஷ்வான் உயிரணுக்கள் பாதை அமைத்துத் தருகின்றன. இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளர்கிறது. இடைவெளி இருந்தால் மருத்துவர்கள் சிறு குழாய் பொருத்துவர். நண்டு, இறால் ஓட்டின் கைட்டோசானிலும் அக்குழாய் செய்கிறார்கள். நம் கரையில் குப்பையில் கொட்டும் ஓடு அன்றோ அது! தண்டுவடத்திலோ ஷ்வான் உயிரணுக்களின் துணையில்லை. தழும்பு வேறு வழிமறிக்கிறது.

மணமறியும் நரம்புகள் மட்டும் வாழ்நாளெல்லாம் புதிதாய் முளைத்து மூளையை அடைகின்றன. அவற்றிற்குத் துணைசெல்லும் உறை உயிரணுக்களை லண்டனில் ஜெஃப்ரி ரெய்ஸ்மன் ஆராய்ந்தார். 2012-இல் போலந்து மருத்துவர் பாவெல் டபாகோவ், கத்திக்குத்தில் தண்டுவடம் அறுபட்ட டேரக் ஃபிடிகாவுக்கு அவருடைய உறை உயிரணுக்களையே வளர்த்துச் செலுத்தினார். 8 மி.மீ. இடைவெளியில் கணுக்கால் நரம்புத் துண்டுகளைச் சாரமாக வைத்தார். ஃபிடிகா சட்டம் பிடித்து நடந்ததாக 2014-இல் செய்தி வந்தது. ஆனால் அது ஒரே ஒருவரின் கதை. அவர் அன்றாடம் பல மணி நேரம் உடற்பயிற்சியும் செய்தவர்.

இதை நான் தேடிப் படித்ததற்குக் காரணமுண்டு. 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடலாம்' என்று ஒருவர் சொல்ல, சித்தி நகையை விற்கத் துணிந்தார். நம் நாட்டின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி தண்டுவடக் காயத்திற்கு அது ஆய்வு மட்டுமே, சிகிச்சையென விற்கலாகாது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கயித்த எடு, உக்காந்து பழகுறேன்" என்றார்.