மழைக்காலமும் நம் வீட்டுப் பெரியவர்களும்

 

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால் நம் மஹல்லாவில் ஒரு செய்தி தவறாமல் காதில் விழும். "சுப்ஹுக்கு ஒளுச் செய்யப் போனவர் வழுக்கி விழுந்துவிட்டாராம், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம்." ஐந்து வேளையும் பள்ளிக்கு நடந்தே வந்தவர் அதன் பிறகு கட்டிலோடு முடங்கிப்போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். அல்லாஹ்வின் நாட்டப்படியே எல்லாம் நடக்கின்றன. ஆனாலும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அவன் மீது பொறுப்புச் சாட்டக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. விழுவதைப் பெருமளவு தடுக்க முடியும்.

மழைக்காலத்தில் ஏன் அதிகம்?

தரை ஈரமாக இருப்பது மட்டும் காரணமல்ல. மழைக்கும் குளிருக்கும் பயந்து பெரியவர்கள் வெளியே நடப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சில வாரங்கள் உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசைகள் தளர்ந்துவிடும். பொழுது தாமதமாக விடிகிறது, மின்சாரம் அடிக்கடி போகிறது. கண்புரை உள்ளவருக்கு அரையிருட்டில் வாசற்படி தெரியாது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குத் தரை ஈரமாக இருப்பதே உணராது. வெயில் படுவதும் குறைகிறது. வைட்டமின் டி பற்றிய பேச்சு இங்கேதான் வருகிறது.

வைட்டமின் டி என்ன செய்கிறது?

உணவிலுள்ள கால்சியத்தை உடல் ஏற்றுக்கொள்ள இது தேவை. மிகவும் குறைந்துபோனால் எலும்பு வலிக்கும், தொடைத் தசை பலம் இழக்கும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாது, மாடிப்படி ஏறுவது சிரமமாகும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்றாலும் இந்தக் குறைபாடு பரவலாக இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருப்பது, உடலை முழுதும் மூடும் உடை, மாநிறத் தோலுக்குக் கூடுதல் நேர வெயில் தேவைப்படுவது, வயதாக ஆக வைட்டமினை உருவாக்கும் திறன் தோலுக்குக் குறைவது எல்லாம் இதற்குக் காரணங்கள்.

கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் நன்மையா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறோம். "அவருக்கும் இதே கால்வலிதான், இதைத்தான் சாப்பிட்டார்" என்று பக்கத்து வீட்டுச் சீட்டைப் பார்த்து 60,000 யூனிட் மாத்திரையை வாங்கிக் கொடுக்கிறோம். எட்டு வாரத்துக்கு மருத்துவர் எழுதியதை எட்டு மாதம் தொடர்பவர்களும் உண்டு.

ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. குளிர்காலத்தை ஒட்டி, ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் வைட்டமின் டி ஒரு பிரிவினருக்குத் தரப்பட்டது. விழுவதும் எலும்பு முறிவதும் குறையும் என்பதே எதிர்பார்ப்பு. 2010-ல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. வைட்டமின் எடுத்தவர்களே அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்கே எலும்பு முறிவும் அதிகம். 2016-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலிருந்து வெளியான ஆய்வில், மாதம் 60,000 யூனிட் எடுத்த முதியவர்கள், மாதம் 24,000 யூனிட் எடுத்தவர்களை விட அதிகம் விழுந்தார்கள். நம் மருந்துக் கடைகளில் கிடைப்பதும் அதே 60,000 யூனிட்தான்.

அதற்காக வைட்டமின் டி கெடுதல் என்று எண்ணிவிட வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்து மருத்துவர் தந்திருந்தால், சொன்ன அளவில், சொன்ன காலம் வரை கட்டாயம் சாப்பிட வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, நீட்டிக்கவும் கூடாது. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரலாம்.

வெயில் காய்வது எப்போது?

அதிகாலை இளவெயில் இதமாக இருக்கும், ஆனால் வைட்டமின் டி உருவாக அது போதாது. நம் நிழல் நம் உயரத்தை விடக் குட்டையாக இருக்கும் நேரமே ஏற்றது. மழை விட்ட நாளில், தோல் சிவக்காத அளவுக்கு, கையிலும் காலிலும் கொஞ்ச நேரம் வெயில் பட்டால் போதும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் பயன்படாது. பெண்கள் மறைவான முற்றத்திலோ மாடியிலோ உட்காரலாம். மத்தி, அயிலை போன்ற மீன்களிலும் முட்டை மஞ்சள் கருவிலும் ஓரளவு வைட்டமின் டி உண்டு.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவை

1. குளியலறையிலும் கழிவறையிலும் சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துங்கள். துண்டு மாட்டும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது.
2. உட்கார்ந்து ஒளுச் செய்ய வழுக்காத முக்காலி போடுங்கள். ஒளு முடிந்ததும் பாதத்தைத் துடைத்த பிறகே நடக்கச் சொல்லுங்கள்.
3. கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். தலைமாட்டில் டார்ச் இருக்கட்டும்.
4. தரையில் புரளும் கைலி, தேய்ந்த ரப்பர் செருப்பு, ஓரம் மடங்கிய பாய் மூன்றும் ஆளை விழவைப்பவை.
5. படுக்கையிலிருந்தும் ஸஜ்தாவிலிருந்தும் மெதுவாக எழட்டும். எழும்போது தலை சுற்றினால், இரத்த அழுத்த மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் மருத்துவரிடம் காட்டி அளவைச் சரிபாருங்கள்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஹவுள் ஓரத்திலும் படிகளிலும் பாசி படியாமல் தேய்த்து, கைப்பிடி வைத்துக் கொடுங்கள்.

கால்களுக்குப் பயிற்சி

விழுவதைத் தடுப்பதில் ஆய்வுகள் உறுதியாகக் காட்டும் வழி உடற்பயிற்சிதான். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே செய்யலாம். சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து பத்து முறை எழுந்து உட்காரட்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலிலும் பத்து விநாடி நிற்கட்டும். சுவரைத் தொட்டபடி ஒரு குதிகாலை மறுகால் விரலோடு சேர்த்து அடிவைத்து நடக்கட்டும். முதல் நாட்களில் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். மூட்டு வலியால் நாற்காலியில் தொழுபவர்களும் மருத்துவரைக் கேட்டு இவற்றில் முடிந்ததைச் செய்யலாம்.

விழுந்துவிட்டால்

பதறிக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ நடக்க வைக்க வேண்டாம், எண்ணெய் தேய்க்கவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இன்னொன்று. ஒருமுறை விழுந்தவர் மறுபடியும் விழ வாய்ப்பு அதிகம். ஆனால் பல பெரியவர்கள் அதை மறைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் திட்டுவார்களே, பள்ளிக்குப் போக விடமாட்டார்களே என்ற பயம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அத்தாவிடமும் அம்மாவிடமும் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வருஷம் எங்கேயாவது தடுக்கினீங்களா, விழுந்தீங்களா?" என்று கனிவாகக் கேளுங்கள். பதில் எதுவானாலும் கடிந்துகொள்ளாதீர்கள். விழுந்த இடம் எது என்று தெரிந்தால், முதலில் சரிசெய்ய வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

நம் பெரியவர்கள் இறுதிவரை சொந்தக் காலில் நின்று தொழ வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.