மேல்நாட்டு வழக்கமும் நமது சுப்ராவும்

1934-ல் பால் பிரண்டனின் நூல் வெளியானது முதல் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு மேல்நாட்டார் வரத்துப் பெருகியது. அவர்கள் இங்கே தரையில் அமர்ந்து இலையில் கையால் சாப்பிடுகிறார்கள். நம் வலீமா விருந்துகளிலோ சுப்ராவைச் சுருட்டி வைத்துவிட்டுத் தட்டேந்தி நின்று உண்பது நாகரீகமாகி வருகிறது!

அந்நியருடையது என்பதனாலேயே ஒன்று விலக்கப்பட்டதாகி விடாது. ஹிஜ்ரி 9-ல் தபூக் பயணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டு ஜுப்பா அணிந்திருந்தார்கள். ஷாம் அன்று ரோமர் ஆட்சியில் இருந்தது. ஜுப்பாவின் கை இறுக்கமாயிருக்கவே, கரங்களைக் கீழ்ப்புறமாக வெளியே எடுத்து ஒளுச் செய்தார்கள் என முகீரா (ரலி) அறிவிக்கிறார்கள். அந்நிய உடையென்று அதை ஒதுக்கவில்லை. உடைக்காக முழங்கை வரை கழுவுவதை விடவுமில்லை.

ஆகவே கரண்டி ஹராமல்ல. முள்கரண்டியை இடக்கையில் பிடித்து உண்ணும் ஐரோப்பிய முறைதான் ஆகாது. இடக்கையால் உண்பதை நபியவர்கள் தடுத்துள்ளார்கள். (சோற்றுக்கை என்று இடக்கையால் தம்ளரைத் தூக்குவது மேல்நாட்டான் கற்றுத் தந்ததல்ல, நம் சொந்தக் குறை.) தேவையின்றி நின்று உண்பது சிறப்பல்ல, ஹராம் என்று சொல்வதற்குமில்லை. நபியவர்கள் ஜம்ஜம் நீரை நின்றவாறு அருந்தியதுண்டு.

முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு நாற்காலி போடுங்கள். மற்றவர்களுக்குச் சுப்ரா விரிக்க இடம் வேண்டுமென்று பந்தல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.