பழைய போனைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி

புது போன் வாங்கினதும் பழசை டிராயர்ல போட்டு வெச்சிருக்கியா? அதை வெளியே எடு. வீட்ல அடி உதை தாங்காம கிளம்ப வழி தேடுற ஒரு பொண்ணுக்கு அது உதவும். இங்கே அமெரிக்காவுல நம்ம பொண்ணுங்க பலரோட நம்பர் புருஷன் பேர்ல இருக்கிற ஃபேமிலி பிளான்லதான் ஓடுது. யார்கிட்ட எப்போ பேசினான்னு பில்லைப் பார்த்தே அவன் கண்டுபிடிச்சிடுவான். அதனாலதான் அவனுக்குத் தெரியாத இன்னொரு போன் அவளுக்கு வேணும்.

போன் ஆன் ஆனா மட்டும் போதாது. 2022-ல இங்கத்த பெரிய கம்பெனிகள் 3ஜியை மூடிட்டாங்க. 4ஜியில கால் பேச வராத போனை 911-க்குக்கூட நம்ப முடியாது. ஐபோன் 6-க்கு முந்தினதெல்லாம் அந்த ரகம். அதையும், பேட்டரி உப்பின போனையும் ரீசைக்கிளுக்குக் கொடுத்துடு.

அழிக்கிறதுல வரிசை முக்கியம். முதல்ல ஐகிளவுட் அல்லது கூகுள் அக்கவுன்ட்ல இருந்து வெளியே வா, அப்புறம்தான் ரீசெட். மாத்திப் பண்ணினா, வாங்கினவ ஆன் பண்ணும்போது உன் பாஸ்வேர்டைக் கேட்டுட்டு நிக்கும். நடுராத்திரியில அவ யார்கிட்ட போய்க் கேட்பா? சிம், மெமரி கார்டை எடுத்துடு. தவணையில வாங்கினதுன்னா கம்பெனியில சொல்லி அன்லாக் பண்ணு, இல்லேன்னா வேற கம்பெனி சிம் வேலை செய்யாது. சார்ஜரை மறக்காதே.

இந்த மாதிரி பொண்ணுங்களுக்கு அடைக்கலம் தர்ற காப்பகத்துக்குக் கொடுக்கப் போறியா? வாசல்ல நேரா போய் நிக்காதே. பல காப்பகங்களோட முகவரி ரகசியம். முதல்ல போன் பண்ணு. சிலர் போனை அப்படியே பொண்ணுங்ககிட்ட கொடுப்பாங்க, சிலர் வித்து அந்தப் பணத்தைச் செலவுக்கு வெச்சுப்பாங்க. எதுன்னு கேட்டுட்டுக் கொடு.

உனக்குத் தெரிஞ்ச பொண்ணுக்கே கொடுக்கிறியா? அப்போ சில விஷயத்தை எழுதிக் கொடுக்காம வாயால சொல்லு, சீட்டு அவன் கையில சிக்கிடக் கூடாது. சிம் இல்லாட்டியும் 911 போகும், ஆனா லைன் கட்டானா அவங்களால திருப்பிக் கூப்பிட முடியாது. அதனால எடுத்த உடனே முகவரியைச் சொல்லணும், கட்டானா இவளே மறுபடி போடணும். பழைய ஜிமெயிலை இதுல போடவே கூடாது. பாஸ்வேர்ட் அவனுக்குத் தெரிஞ்சிருந்தா எல்லாம் அவன் கைக்குப் போயிடும். கிளம்புற வரைக்கும் ஃபேமிலி பிளான்ல இருக்கிற தன் போனை அவ வழக்கம்போலப் பயன்படுத்தட்டும், திடீர்னு அமைதியானா அவனுக்குச் சந்தேகம் வந்துடும்.

கிளம்பின பிறகு பழைய நம்பரே வேணும்னா, 2022-ல வந்த சேஃப் கனெக்‌ஷன்ஸ் சட்டப்படி ஃபேமிலி பிளான்ல இருந்து தன் லைனைப் பிரிச்சுக் கேட்கலாம். அவன் சம்மதம் தேவையில்லை. போலீஸ் ரிப்போர்ட் மாதிரி ஒரு சான்று கேட்பாங்க. அது இல்லாட்டி, அவளுக்கு உதவுற அமைப்பு கையெழுத்துப் போட்டுத் தர்ற வாக்குமூலமும் செல்லும்.