கேலிச்சித்திரமும் பாட்காஸ்ட்டும் நம்மை எப்படி வளைக்கின்றன?

புதிதாகக் கம்ப்யூட்டரும் இண்டர்நெட் இணைப்பும் வாங்கியவர்கள் வீட்டில் சீக்கிரமே இரண்டு சமாச்சாரங்கள் சேர்ந்துவிடும். ஒன்று, நண்பர்கள் அனுப்பும் அரசியல் கேலிச்சித்திரங்கள். இன்னொன்று, டவுன்லோட் செய்து கேட்கும் பாட்காஸ்ட் பேச்சுகள். இரண்டுமே நம் கருத்தைத் தம் பக்கம் இழுக்கும் வேலையைச் செய்கின்றன. அது எப்படி நடக்கிறது என்று சோதிக்க, விண்டோஸுடன் வரும் பெயின்ட்டும் நோட்பேடும் போதும்.

முதலில் படம். தாமஸ் நாஸ்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1871 அக்டோபரில் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யில் வரைந்த ‘தி பிரெய்ன்ஸ்’ என்ற படத்தைத் தேடி எடுங்கள். நியூயார்க் நகர அரசியலை ஆட்டிவைத்த வில்லியம் ட்வீட்டின் பெருத்த உடல். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பணமூட்டை. அதில் முகமாக ஒரு டாலர் குறி. அவ்வளவுதான்!

இதைப் பெயின்ட்டில் திறந்து, மூட்டையின் மேல் ஒரு வெள்ளைக் கட்டம் போட்டு மறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது கோட்டு போட்ட ஒரு குண்டு மனிதர். ஊழல் என்ற குற்றச்சாட்டு முழுவதும் அந்த மூட்டையில்தான் இருந்தது. கணக்கு, சாட்சி, ரசீது எதுவும் படத்தில் இல்லை. அவற்றை அதே ஆண்டு ஜூலையில் ‘நியூயார்க் டைம்ஸ்’ அச்சிட்டிருந்தது. ஆகவே இந்தப் படத்துக்குப் பின்னால் ஆதாரம் உண்டு.

அதே நாஸ்ட், அதே பத்திரிகையில், மூன்று வாரம் முன்னால் வரைந்த இன்னொரு படத்தையும் எடுங்கள். பெயர் ‘தி அமெரிக்கன் ரிவர் கேஞ்சஸ்’, அதாவது அமெரிக்கக் கங்கை நதி. (நம் கங்கையை அவர் எதற்கு இழுத்தார் என்பது தனிக் கதை.) கத்தோலிக்க ஆயர்கள் முதலைகளாகக் கரையேறிப் பள்ளிக் குழந்தைகளை நோக்கி வருகிறார்கள். அவர்கள் அணியும் உயரமான தொப்பியே முதலையின் திறந்த வாய். வரைந்த கை ஒன்று, உத்தி ஒன்று. ஆனால் இங்கே ஒரு மதத்தாரையே மிருகமாக்கிவிட்டார். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அளவு ‘உண்மை’யாகத் தெரியும். ஆபத்து அங்கேதான்.

பாட்காஸ்ட் இவ்வளவு வேகமாகத் தாக்காது. பழகிப் பழகித்தான் இழுக்கும். 2014ல் வந்த ‘சீரியல்’ என்ற அமெரிக்கத் தொடர் நல்ல பாடம். 1999ல் பால்டிமோரில் ஹே மின் லீ என்ற மாணவி கொல்லப்பட்டார். அவருடைய முன்னாள் காதலர் அட்னான் சையத் குற்றவாளி எனத் தீர்ப்பானது. தொகுப்பாளர் சாரா கேனிக் எதையும் அடித்துச் சொல்வதில்லை. தன் சந்தேகங்களை நம்மோடு பகிர்ந்துகொள்கிறார். கேட்பவர் தானே நீதிபதி என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார்.

இப்போது நோட்பேடைத் திறந்து, யார் எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டே கேளுங்கள். ஸ்பேஸ்பாரைத் தட்டினால் பெரும்பாலான பிளேயர்களில் ஒலி நிற்கும். வழக்கு விசாரணையில் சாட்சி சொல்லாத சையத், சிறையிலிருந்து போனில் இதமாகப் பேசுகிறார். அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி தொடருக்குப் பேட்டி தரவில்லை. கொலையுண்ட பெண்ணின் குடும்பமும் பேசவில்லை. வாரக்கணக்கில் யார் குரல் நம் காதில் இருந்ததோ, அவர் தெரிந்தவர் ஆகிவிடுகிறார்.

நீதிமன்றத்திலும் இதே கேள்வி எழுந்தது. 2022ல் தண்டனை ரத்தானது. ஆனால் பெண்ணின் சகோதரர் நேரில் வரப் போதிய அவகாசம் தரவில்லை என்று மேல் நீதிமன்றம் 2023ல் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. 2024ல் மேரிலாந்து உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2025 மார்ச்சில், சிறையில் கழித்த காலமே போதும் என்று தண்டனை குறைந்தது. குற்றத் தீர்ப்பு மட்டும் நிற்கிறது.

விளம்பரத்தையும் இதே பட்டியலில் சேருங்கள். பல பாட்காஸ்ட்டுகளில் தொகுப்பாளரே, அதே குரலில், விளம்பரத்தைப் படிப்பார். நான் அந்த இடங்களில் ‘வி’ என்று போட்டு நேரத்தைக் குறித்துவைப்பேன். செய்தி எங்கே முடிந்தது என்று புரியாவிட்டால், 15 விநாடி பின்னால் நகர்த்தி மறுபடி கேளுங்கள்.