செம் முடிந்தது, தூக்கக் கடன் முடியவில்லை

நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மேயிலும் கல்லூரி வாசல் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். "லாஸ்ட் பேப்பர் முடிஞ்ச ராத்திரியே பாண்டி கிளம்பிரலாம் மச்சி. நைட்ல ரோடு காலியா இருக்கும். தூக்கம் வந்தா ஓரமா நிறுத்தி ஒரு டீ அடிச்சா போச்சு." உடலியங்கியல் பாடம் நடத்துகிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மூளை எப்படித் தூங்குகிறது என்று என்னிடமே படித்துவிட்டுப் போன பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். அப்புறம் எதற்குப் பாடம், எதற்குப் பரீட்சை?

கொண்டாட்டத்துக்கு நான் எதிரி இல்லை. ஆறு மாதம் அசைன்மென்ட், இன்டர்னல், லேப் என்று அலைந்தவர்கள் ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டு, படம் பார்த்து, கடற்கரையில் உட்கார்ந்து கத்தினால் உலகம் அழிந்துவிடாது. "எதுக்கு வெட்டிச் செலவு?" என்று முகம் சுளிக்கிற பெற்றோர்கள் அன்றைக்காவது சும்மா இருக்கலாம். என் சண்டை அந்த டீயோடும், அதோடு சேர்ந்து வருகிற இன்னும் சில நம்பிக்கைகளோடும்தான்.

நம்பிக்கை 1: ராத்திரி ரோடு காலி, தூக்கம் வந்தால் டீ போதும்.

உண்மை: போதாது. கணக்கைப் பாருங்கள். கடைசித் தேர்வன்று கடைசியாக ஒருமுறை புரட்டிப் பார்க்கக் காலை 5 மணிக்கு எழுகிறீர்கள். மூன்று மணி நேரம் எழுதுகிறீர்கள். மதியம் பிரியாணி, மாலையில் ஹாஸ்டல் அறையைக் காலி செய்யும் வேலை. இரவு 10 மணிக்கு வண்டியை எடுக்கும்போது விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் இதைத்தான் அளந்து 1997-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டிய ஒரு பயிற்சியில், 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்குச் சரிந்திருந்தது. 24 மணி நேரத்தில் அது 100 மில்லிகிராமுக்கு இணையானது. நம் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு அனுமதிக்கிற உச்சம் 30 மில்லிகிராம்! அதைத் தாண்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆக, ஒரு சொட்டுக் குடிக்காமலேயே, குடித்தவரின் நிலையில்தான் வண்டியைக் கிளப்புகிறீர்கள். போலீஸ்காரர் நீட்டுகிற கருவியில் ஊதினால் பூஜ்யம் காட்டும். தூக்கத்தைப் பிடிக்கிற கருவி அவரிடம் இல்லை.

இது அந்த ஒரு நாளின் கணக்கு. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களை யார் கணக்கில் எடுப்பது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டோங்கன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 14 நாள் தொடர்ந்து தினம் ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், ஓரிரு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்கு மழுங்கியிருந்தது. என்னை உலுக்கியது அதற்கு அடுத்த செய்தி. அவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் அந்த அளவுக்கு மழுங்கிப்போனது தெரியவே இல்லை. "எப்ப தூக்கம் வரும்னு எனக்குத் தெரியும்" என்கிறீர்களே, அதைச் சொல்ல வேண்டிய மூளைதான் முதலில் ஓய்ந்துபோகிறது. ஸ்டடி ஹாலிடேஸில் ஆறு மணி நேரம் தூங்கியவர்களே உங்களில் எத்தனை பேர்?

சரி, டீக்கு வருவோம். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூக்க அழுத்தம் அதனால் கூடுகிறது. டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன், அடினோசின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சேர்ந்த அடினோசின் எங்கும் போய்விடுவதில்லை. கஃபீன் விலகியதும் மொத்தமும் திரும்பி வருகிறது. தவிர, குடித்த கஃபீன் நன்றாக வேலை செய்யத் தொடங்கச் சுமார் அரை மணி நேரம் ஆகும். நீங்களோ கிளாஸைக் கீழே வைத்த கையோடு கிக்கரை உதைக்கிறீர்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்னும் லூயிஸ் ரெய்னரும் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவர்களைப் பல ஆண்டு சோதித்தார்கள். 150 மில்லிகிராம் கஃபீனும் கால் மணி நேரக் குட்டித் தூக்கமும் சேர்ந்தபோது பலன் கிடைத்தது. நம் டீக்கடைச் சின்ன கிளாஸில் அந்த அளவில் ஒரு சிறு பங்குதான் தேறும். முகத்தில் அடிக்கும் குளிர்காற்றும் சத்தமான பாட்டும் தந்த பலன் சொற்பம், அதுவும் நிலைக்கவில்லை. "பைக்ல காத்து அடிக்கும், தூக்கம் வராது" என்பவர்கள் கவனிக்கவும்.

காலி ரோடு இன்னும் மோசம். பார்க்க எதுவும் மாறாத நேர்ச்சாலைதான் கண்ணைச் செருக வைக்கும். அதோடு வேகமும் கூடும். அதிகாலை இரண்டிலிருந்து ஆறு மணிவரை உடலின் கடிகாரமே தூங்கச் சொல்கிற வேளை. பாண்டியில் சூரிய உதயம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பது சரியாக அந்த வேளையில்தான். அப்போது ஒரு கண்ணயர்வு நான்கு நொடி நீடித்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 65 மீட்டருக்கு மேல் ஓட்டுநரே இல்லாமல் ஓடியிருக்கும். எதிரே விளக்கில்லாமல் நிற்கிற லாரியோ, சாலையில் படுத்திருக்கிற மாடோ உங்கள் கண் திறக்கும்வரை காத்திருக்காது. இந்தியாவில் 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் இரு சக்கர வாகனத்தில் போனவர்களே அதிகம்.

நம்பிக்கை 2: பீர் லைட்டு, ஏறாது.

உண்மை: படித்த பிள்ளைகளுக்குப் பெருக்கல் தெரியும்தானே? 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டிலில் 7 சதவீதம் மது என்றால் 45 மில்லி சாராயம். 42.8 சதவீத பிராந்தியில் 60 மில்லி லார்ஜ் ஒன்றில் இருப்பது 26 மில்லிக்கும் குறைவு. அதாவது ஒரு பாட்டில் பீர் ஏறக்குறைய இரண்டு லார்ஜ். தூக்கம் கெட்ட உடம்பில் கொஞ்சம் மதுவும் கூடுதலாக வேலை செய்யும். அதோடு, தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு விற்பதே சட்டவிரோதம். மூன்றாம் செமஸ்டர் முடித்த தம்பிகளுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

நம்பிக்கை 3: எலுமிச்சைச் சாறு, மோர், பச்சைத் தண்ணீர்க் குளியல், ஸ்ட்ராங் காபி, இதில் ஏதாவது ஒன்றில் போதை தெளியும்.

உண்மை: கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 10 கிராம் மதுவைத்தான் கரைக்கும். எதைக் குடித்தாலும் அது அவசரப்படாது. காபி குடித்த குடிகாரர், தூக்கம் கலைந்த குடிகாரர். அவ்வளவுதான்.

நம்பிக்கை 4: நள்ளிரவு பிரியாணிக்கு மேல் ஒரு சோடா, எல்லாம் செரித்துவிடும்.

உண்மை: வருகிற ஏப்பம் சோடாவில் இருந்த வாயு. செரிமானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சாப்பிட்டதும் படுக்காதீர்கள், நெஞ்செரிச்சல் குறையும்.

நம்பிக்கை 5: "பனியில சுத்துன, அதான் ஜுரம்." இது அம்மாக்களுடையது.

உண்மை: சளியைத் தருவது வைரஸ், பனி இல்லை. 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் செலுத்திப் பார்த்து 2015-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு. ஆகவே அம்மா, பனிக்குல்லா தேடுவதற்கு முன், விடிய விடியப் படிக்கச் சொன்னது யார் என்று யோசியுங்கள்.

நம்பிக்கை 6: நாளைக்கு ஒரு பகல் பூராவும் தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: ஆகாது. பல நாள் கடன் அடையப் பல இரவுகள் வேண்டும்.

அப்படியானால் கொண்டாடவே கூடாதா? கொண்டாடுங்கள், மறுநாள் மாலையில். தேர்வு முடிந்த இரவு தூங்குங்கள். அடுத்த நாள் தெளிந்த கண்ணோடு படத்துக்குப் போனால், கொடுத்த காசுக்குக் கதையாவது புரியும். அன்றே போயாக வேண்டுமென்றால் நடந்து திரும்பக்கூடிய தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஆட்டோவுக்கான பணத்தைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பாண்டி பகலிலும் அங்கேதான் இருக்கும். பஸ்ஸும் போகிறது.

பஸ் என்றதும் சொல்லாமல் விட முடியவில்லை. சென்னை மெட்ரோவின் கடைசி ரயில் இரவு 11 மணியோடு முடிகிறது. செகண்ட் ஷோ முடிவதோ ஒன்றரைக்கு. அதற்குப் பிறகு பிள்ளைகள் எதில் வீடு திரும்புவார்கள்? சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் நடந்த இரவுகளில் மெட்ரோ நேரத்தை நீட்டியிருக்கிறார்கள். கிரிக்கெட்டுக்கு முடிந்தது வார இறுதி இரவுகளுக்கு ஏன் முடியாது? கல்லூரி நிர்வாகங்களையும் கேட்கிறேன். ஆண்டு முழுக்கப் பேருந்துக் கட்டணம் வாங்குகிறீர்கள். கடைசித் தேர்வன்று இரவு, பகலில் ஓய்வெடுத்த ஓட்டுநரோடு ஒரு பஸ்ஸை ஊருக்குள் ஒரு சுற்று விட்டால் டீசல் செலவு என்ன ஆகிவிடும்? கல்ச்சுரல்ஸுக்குப் பாடகரை அழைக்கும் செலவில் அது தூசு. ஹெல்மெட் விழிப்புணர்வுப் பேரணி நடத்துவதைவிட இது நிறையப் பிள்ளைகளைக் காப்பாற்றும்.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம். அதைப் பயன்படுத்தும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். தூக்கம் வருகிறதென்றால் ஓட்டாதீர்கள். அதற்கு மாற்று மருந்து எந்த டீக்கடையிலும் கிடையாது.