இந்தச் செலவில் என்ன கிடைக்கும்?

எங்கள் குடும்பத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிறவள் நான்தான். அப்பாவின் நெஞ்சு, அம்மாவின் கண், சித்தியின் முழங்கால் என்று மதுரையில் நான் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி குறைவு. பில்லின் கனத்துக்கும் நோயாளிக்குக் கிடைக்கும் பலனுக்கும் பல நேரம் சம்பந்தமே இருப்பதில்லை என்பது இந்த அலைச்சலில் தெரிந்துகொண்டது.

அம்மாவின் கண்புரையைப் பாருங்கள். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையில்தான் ஆபரேஷன். ஒரு காலத்தில் உள்ளே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். விலை ஏழைகளுக்கு எட்டாது. புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். 1992-இல் அவர்களே ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸ் தயாரித்த பிறகு விலை பல மடங்கு இறங்கியது. விலை கூடின மல்டிஃபோக்கல் லென்ஸும் உண்டு. "கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கிறதுல எனக்கு என்ன கஷ்டம்?" என்று அம்மா சாதாரண லென்ஸே போதும் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் முறத்தை மடியில் வைத்து உளுந்தில் கல் பொறுக்க உட்கார்ந்தாயிற்று. எங்கள் வீட்டு மருத்துவச் செலவிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் கிடைத்தது அந்த ஆபரேஷனில்தான்.

அப்பா விஷயம் வேறு. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ எடுத்தார்கள். அப்பா உள்ளே படுத்திருக்கும்போதே எங்களைக் கூப்பிட்டு, திரையில் ஒரு குழாய் நடுவில் இறுகியிருப்பதைக் காட்டினார்கள். "எண்பது பர்சென்ட் அடைப்பு. இப்பவே ஸ்டென்ட் வச்சிட்டா இன்னொரு தடவை குழாய் விட வேண்டாம். கையெழுத்துப் போடுங்கம்மா." பேனாவும் நீட்டியாயிற்று.

"இது ஹார்ட் அட்டாக்கா டாக்டர்?"

"இல்லம்மா. ஆனா எப்ப வேணாலும் வரலாம்."

அட்டாக் இல்லை என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது என்று பொருள். அவகாசம் கேட்டேன். முகம் சுளித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். ஆஞ்சியோ சிடியை வாங்கிக்கொண்டு, அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் இதய நிபுணரிடம் போனோம். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைப்பதாலோ வைக்காததாலோ அவருக்கு ஒரு ரூபாய் லாப நஷ்டம் கிடையாது. இரண்டாவது கருத்து கேட்கப் போகிறவர்கள் பார்க்கவேண்டிய முதல் தகுதி அதுதான் என்பேன்.

அவர் சிடியைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடமே சொன்னார்: "ஐயா, உங்களுக்கு ஆயுசுக்கு மாத்திரை, வலிக்குத்தான் ஸ்டென்ட். மாத்திரையில வலி அடங்கலேன்னா அப்ப வச்சுக்கலாம்." அதற்கு ஆதாரமாக அவர் சொன்ன ஆய்வுகளைப் பிறகு தேடிப் படித்தேன். 2007-இல் வந்த 'கரேஜ்', 2020-இல் வெளியான 'இஸ்கிமியா' இரண்டும் அப்பாவைப்போல நிதானமாக இருக்கும் இதய நோயாளிகளை வைத்துச் செய்தவை. பின்னதில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நல்ல மாத்திரை மருத்துவத்தோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ முதலிலேயே செய்துகொண்டவர்களுக்கு வலி குறைந்தது, சாவு குறையவில்லை. இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அப்பாவுக்கு அது இல்லை. மாத்திரையிலேயே நெஞ்சடைப்பு விட்டது. இப்போது மாடியில் துணி காயப்போடுவதே அவர்தான்.

ஸ்டென்ட்டே ஏமாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மாமாவுக்கு நடுராத்திரி உண்மையிலேயே அட்டாக் வந்தது. அன்று வைத்த ஸ்டென்ட்டுக்கு எவ்வளவு கொடுத்திருந்தாலும் தகும். ஒரே பொருள், இரண்டு வீட்டில் இரண்டு மதிப்பு. அதனால் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் நான் கேட்பது: இது ஆயுசைக் கூட்டுமா, அவஸ்தையைக் குறைக்குமா? ஒரு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? சித்தியின் முழங்கால் ஆபரேஷன் ஆயுசைக் கூட்டவில்லை. ஆனால் கழிப்பறைக்குப் போகவே ஆள் தேவைப்பட்டவர் இப்போது தனியாக பஸ் ஏறுகிறார். அந்தச் செலவு நியாயம்.

விலை பற்றியும் சொல்லவேண்டும். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு விலைவாசிக்கு ஏற்ப அது ஏறியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. ஸ்டென்ட்டின் விலை, கம்பெனி, பேட்ச் எண் எல்லாம் பில்லில் தனியாக வரவேண்டும் என்பது விதி. 'பேக்கேஜ்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் பிரித்துக் கேளுங்கள். பெட்டியின் ஸ்டிக்கரை ஃபைலில் ஒட்டச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸில் பலரைக் கவிழ்ப்பது அறை வாடகை. மூன்று லட்சம் பாலிசியில் நாளுக்கு 3,000 ரூபாய்தான் அறை வரம்பு என்று வையுங்கள். 6,000 ரூபாய் அறையில் படுத்தால் நஷ்டம் வாடகை வித்தியாசத்தோடு நிற்காது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் பாதியை வெட்டுவார்கள். மருந்து, உள்ளே வைக்கும் உபகரணம், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றில் அப்படி வெட்டக்கூடாது. வெட்டியிருந்தால் எழுதிக் கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது.

'மாஸ்டர் செக்கப்' தள்ளுபடிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுபது பரிசோதனை செய்தால் ஏதாவது ஒன்று சிவப்பு மையில் வரத்தான் செய்யும். அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு ஸ்கேன். பிரஷர், சுகர், கொழுப்பு இந்த மூன்றையும் ஒழுங்காகப் பார்த்து மாத்திரையை விடாமல் போடுவதுதான் மலிவும் பலனும். அப்பாவின் பிரஷர் மாத்திரை 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. மீதியை டாக்டரிடம் கேட்டு ஜெனரிக்காக எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்தில் வாங்குகிறோம். 2025 முதல் முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. பிராண்டு மாத்திரைக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆவதில்லை.

யோசியுங்கள், கேளுங்கள், இன்னொருவரிடம் காட்டுங்கள் என்று நான் சொன்னதெல்லாம் நிதானமான நோய்க்கு. உட்கார்ந்த பிறகும் நெஞ்சடைப்பு விடாமல், வியர்த்துக் கொட்டி, வலி கைக்கோ தாடைக்கோ ஏறினால் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு கிடையாது.