எஞ்சின் மூடிக்கு எந்தப் பூச்சு? தெரிந்துகொண்டு பணம் கொடுப்போம்!



நம் குழுக்களில் கடன் வாங்கி வாடகைக் கார் ஓட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. கடன் பத்திரத்தில் இருப்பது நம் கையெழுத்து. மாதத் தவணையும் நம் பெயரில்தான். ஆனால் வண்டி பட்டறைக்குப் போனதும், "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். பில் வந்த பிறகு கேள்வி கேட்டு என்ன பயன்?

எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும்போது பட்டறையில் ஒரு கேள்வி வரும். "மேல் மூடி பெயிண்ட் உரிஞ்சு கிடக்குதுங்க. அடிச்சுடலாமா? சாதா பெயிண்டா, பவுடர் கோட்டிங்கா?" இந்தக் கேள்விக்குச் சரியான பதிலை நாமே சொல்லக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பாடம். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் தவறாகச் செய்தால் எஞ்சினே கெட்டுப் போகும் அளவுக்குப் பெரிய விஷயம். எப்படி என்று பார்ப்போம்.

வால்வு மூடி என்றால் என்ன?

காரின் பானெட்டைத் திறந்ததும் எஞ்சினின் உச்சியில் தெரியும் மூடிதான் வால்வு மூடி. பட்டறையில் 'டேப்பட் கவர்' என்பார்கள். சில வண்டிகளில் இதற்கும் மேலே அழகுக்காக ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதைக் கழற்றினால்தான் இது தெரியும். வால்வுகளும் அவற்றைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டும் இந்த மூடிக்கு அடியில்தான் சுழல்கின்றன. அங்கே சூடான ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆயில் வெளியே வராமலும், வெளித் தூசி உள்ளே போகாமலும் காப்பதே மூடியின் வேலை. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் பேக்கிங் இருக்கும்.

எஞ்சின் மூடிக்கு வண்ணம் பூசுவது புதுப் பழக்கம் இல்லை. இத்தாலி நாட்டு ஃபெராரி நிறுவனம் 1957இல் கொண்டுவந்த பந்தயக் காருக்கு 'டெஸ்டா ரோசா' என்று பெயர். 'சிவப்புத் தலை' என்று பொருள். எஞ்சின் மூடிக்குச் சிவப்பு பூசியதால் வந்த பெயர் அது. நமக்கு வேண்டியது அழகு மட்டும் அல்ல. போட்ட காசுக்கு உழைக்க வேண்டும்.

முதலில் ஒழுக்கு, பிறகுதான் பூச்சு

மூடியைச் சுற்றி ஆயில் கசிந்திருந்தால் பெயிண்ட் அடிப்பதால் அது நிற்காது. பேக்கிங் காய்ந்து விறைத்திருக்கலாம். எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் 'பிரீதர்' குழாய் அடைத்திருக்கலாம். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் கிடைத்த வழியில் வெளியே வரும். ஆகவே காரணத்தைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, அதன் பிறகு பூச்சு பற்றிப் பேசுங்கள்.

மூடி எதனால் ஆனது?

வீட்டில் உள்ள ஒரு சின்னக் காந்தம் போதும்.

காந்தம் ஒட்டினால் அது இரும்புத் தகடு. துருப் பிடிக்கும். கட்டாயம் பூச்சு வேண்டும்.

காந்தம் ஒட்டாமல், தட்டினால் உலோகச் சத்தம் வந்தால் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. இதற்குச் செந்துரு பிடிக்காது. ஆனால் ஈரமும் உப்பும் பட்டால் வெள்ளையாகப் பூத்துப் போகும்.

தட்டினால் மொத்தென்று கேட்டால் பிளாஸ்டிக். இப்போதைய கார்கள் பலவற்றில் இதுதான் வருகிறது. இதற்குப் பூச்சே தேவையில்லை. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். பவுடர் கோட்டிங் அடுப்பில் வைத்தால் வளைந்துவிடக்கூடும். வளைந்த மூடி ஆயிலைத் தடுக்காது. உங்கள் வண்டியில் பிளாஸ்டிக் மூடி என்றால் "பெயிண்ட் வேண்டாம்" என்று சொல்லி அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

பூச்சு எதையெல்லாம் தாங்க வேண்டும்?

ஓடும் எஞ்சினில் ஆயிலின் சூடு ஏறக்குறைய 90 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மூடியும் அதை ஒட்டிய சூட்டில்தான் இருக்கும். அதாவது கொதிக்கும் தண்ணீரின் சூடு, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. அதோடு ஆயில், பெட்ரோல், டீசல், கழுவும் மருந்து எல்லாம் மேலே படும். ஆகவே சூட்டை மட்டும் தாங்கினால் போதாது. எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் இளகாத பூச்சாகவும் இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் "600 டிகிரி தாங்கும்" என்று எழுதிய டப்பாவைப் பார்த்து, இதுதான் உசத்தி என்று வாங்கிவிடுகிறார்கள். அது சைலன்ஸர் குழாய்க்கு உரிய சிலிக்கான் வகைப் பெயிண்ட். சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடு பட்டால்தான் அது முழுமையாக இறுகும். வால்வு மூடி அந்த அளவுக்குச் சுடுவதே இல்லை. அதனால் பெயிண்ட் இறுகாமல் பச்சையாகவே இருந்து, பெட்ரோல் பட்டதும் துணியோடு வந்துவிடும். எண் பெரிசா இருக்குன்னு வாங்கக் கூடாது. எந்த இடத்துக்கு ஏற்றது என்று பார்த்து வாங்க வேண்டும்.

என்னென்ன பூச்சுகள் உள்ளன?

1. கேட், ஜன்னலுக்கு அடிக்கும் சாதா எனாமல்: மலிவு. ஆனால் சூட்டில் நிறம் மாறும். பெட்ரோல் பட்டால் இளகும். எஞ்சினுக்கு வேண்டாம்.

2. எஞ்சின் எனாமல் ஸ்பிரே: எஞ்சினுக்கென்றே விற்பது. சுமார் 260 டிகிரி வரை தாங்கும் வகைகள் உண்டு. மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழிந்து பிறகு உரியும். நன்றாகச் சுத்தம் செய்து அடித்தால் நியாயமாக உழைக்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்து கொள்ளலாம்.

3. ஹார்டனர் கலந்து அடிக்கும் இரட்டைப் பெயிண்ட்: ஸ்பிரே டப்பாவைவிட எண்ணெய், பெட்ரோலை நன்றாகத் தாங்கும். எஞ்சின் சூட்டுக்கு ஏற்ற வகைதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

4. பவுடர் கோட்டிங்: இது திரவப் பெயிண்ட் அல்ல, காய்ந்த பொடி. மின்னூட்டத்தால் பொடி உலோகத்தின் மேல் ஒட்டும். பிறகு 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்தால் உருகி ஒரே தோலாக இறுகிவிடும். கிரில், ஸ்டீல் பீரோ, கட்டில் ஆகியவற்றுக்குச் செய்வது இதுவே. எண்ணெய், சூடு, சின்னச் சின்ன அடி எல்லாவற்றையும் தாங்கும். பொடியிலும் வகை உண்டு. பாலியெஸ்டர் பொடி வெயிலைத் தாங்கும். எப்பாக்ஸி பொடி வெயிலில் வெளிறும், ஆனால் எண்ணெயையும் ரசாயனத்தையும் நன்றாகத் தாங்கும். பானெட்டுக்குள் வெயில் படாது. ஆகவே எப்பாக்ஸி அல்லது இரண்டும் கலந்த பொடி பொருத்தமானது.

5. குரோம் முலாம், பாலிஷ்: கண்ணுக்கு அழகு. ஆனால் வார்ப்பு அலுமினியத்தில் குரோம் பூசுவது செலவான வேலை. அடி வேலை சரியில்லை என்றால் தகடு தகடாக உரியும். வெறும் பாலிஷ் சீக்கிரம் மங்கும். அடிக்கடி தேய்க்க நமக்கு ஏது நேரம்?

உலோக மூடிக்கு, நெடுநாள் உழைக்க வேண்டும் என்றால் பவுடர் கோட்டிங் என்பதே எங்கள் பரிந்துரை. நிறத்தில் வெளிர் சாம்பல் அல்லது சில்வர் நல்லது. கறுப்பில் அழுக்கு தெரியாது. அதே போல ஆயில் கசிவும் தெரியாது. வெளிர் நிறத்தில் கசிவு உடனே கண்ணில் படும். சுருக்கம் சுருக்கமான பூச்சைவிட வழுவழுப்பான பூச்சைத் துடைப்பது எளிது.

எந்தப் பூச்சாக இருந்தாலும் பிரேக் ஆயில் சிந்தினால் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அது பெயிண்டைக் கரைக்கும். எஞ்சின் ஆறியிருந்தால் உடனே தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுங்கள்.

பூச்சின் ஆயுள் அடியில் இருக்கிறது

வாசலைக் கூட்டித் தெளிக்காமல் யாராவது கோலம் போடுவோமா? பூச்சும் அப்படித்தான். பெரும்பாலும் பூச்சு உரிவதற்குக் காரணம் பெயிண்ட் அல்ல, அடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க நமக்குத் தெரிந்த வழியே இருக்கிறது. பிசுக்கு உள்ள பாத்திரத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். சுத்தமான பாத்திரத்தில் ஒரே படலமாகப் பரவும். மூடியின் மேலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்தாக நின்றால் இன்னும் கழுவ வேண்டும்.

அலுமினிய வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பல வருட ஆயில் அதில் ஊறியிருக்கும். பொடி தூவி அடுப்பில் வைக்கும்போது அந்த ஆயில் பொங்கி வந்து பூச்சில் கொப்புளம் போடும். ஆகவே பொடி தூவுவதற்கு முன்பே ஒரு தடவை வெறும் மூடியை அடுப்பில் சுட்டு, ஊறிய ஆயிலை வெளியேற்றித் துடைக்க வேண்டும். இதைச் செய்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று. சோப்பு தயாரிக்கும் குழுச் சகோதரிகளுக்குத் தெரியும், காஸ்டிக் சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. அது அலுமினியத்தை அரித்துத் தின்னும். பழைய பெயிண்டை எடுக்க அலுமினிய மூடியைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்க விடாதீர்கள்.

மிகப் பெரிய ஆபத்து: மணல்!

பழைய பெயிண்டை எடுக்க மணலையோ கண்ணாடி மணிகளையோ வேகமாகப் பீய்ச்சி அடிப்பது உண்டு. 'சாண்ட் பிளாஸ்டிங்' என்பார்கள். மூடியின் உட்புறம் பெரும்பாலும் ஒரு தடுப்புத் தகடு இருக்கும். மணல் அதற்குள் புகுந்துகொண்டால் கழுவினாலும் லேசில் வராது. வண்டி ஓடும்போது அது ஆயிலில் விழுந்து கேம் ஷாஃப்ட்டையும் பேரிங்குகளையும் தேய்த்துவிடும். அழகுக்குச் செய்த வேலை எஞ்சினுக்கு எமனாகிவிடும். தவணை கட்ட வேண்டிய வண்டி பட்டறையில் நின்றால் நம் நிலைமை என்ன?

ஆகவே தடுப்புத் தகட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். கழற்ற முடியாதது என்றால் மணல் அடிப்பே வேண்டாம். மருந்தும் எமரித்தாளும் கொண்டு வெளிப்புறத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதும்.

பேக்கிங் உட்காரும் விளிம்பிலும் போல்ட்டுத் துளைகளிலும் பூச்சு படக் கூடாது. பட்டால் மூடி சரியாக உட்காராமல் ஆயில் கசியும். அந்த இடங்களைச் சூடு தாங்கும் டேப்பால் மறைக்க வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை அடுப்பில் வைக்கும் முன் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது புது பேக்கிங் போடுவது நல்லது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணக்கு புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை கடை விலை அல்ல.

ஸ்பிரே பெயிண்ட் 500 ரூபாய். கழற்றி மாட்டும் கூலியும் பேக்கிங்கும் 400 ரூபாய். மொத்தம் 900. ஒரு வருடம் உழைத்தால் வருடச் செலவு 900 ரூபாய்.

பவுடர் கோட்டிங் 1,500 ரூபாய். கூலி, பேக்கிங் அதே 400. மொத்தம் 1,900. ஐந்து வருடம் உழைத்தால் வருடச் செலவு 380 ரூபாய்.

உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே மாதிரி கணக்கிடுங்கள். சீக்கிரமே வண்டியை விற்பதாக இருந்தால் ஸ்பிரேயே போதும். பல வருடம் ஓட்டப் போகிறோம் என்றால் பவுடர் கோட்டிங் லாபம். எஞ்சினை எப்படியும் பிரிக்கும் நேரத்தில் சேர்த்துச் செய்தால் கூலி மிச்சம். கையில் காசு இல்லையா? உலோகம் நன்றாக இருந்தால் காத்திருக்கலாம். இதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள்.

உடம்பும் முக்கியம்

ஸ்பிரே அடிப்பதை வீட்டுக்குள்ளோ அடுப்பங்கரை அருகிலோ செய்யாதீர்கள். அந்த ஆவி தீப்பிடிக்கும். ஹார்டனர் கலந்த பெயிண்டில் ஐசோசயனேட் என்ற பொருள் உண்டு. அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. அதை உரிய கருவிகள் உள்ள இடத்தில்தான் அடிக்க வேண்டும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

பட்டறையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. அண்ணா, கசிவுக்கு என்ன காரணம், முதல்ல அதைச் சரிபண்ணிட்டீங்களா?
2. மூடி அலுமினியமா, இரும்பா, பிளாஸ்டிக்கா?
3. பழைய பெயிண்டை எதால எடுப்பீங்க? மணல் உள்ளே போகாம என்ன செய்வீங்க?
4. பொடி தூவும் முன்னாடி ஒரு தடவை சுடுவீங்களா?
5. பேக்கிங் விளிம்பையும் துளைகளையும் மறைப்பீங்களா?
6. கொப்புளம் வந்தா, உரிஞ்சா திரும்பச் செஞ்சு தருவீங்களா? பில்லுல எழுதித் தாங்க.

கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். நல்ல வேலைக்காரர் பொறுமையாகப் பதில் சொல்வார். மழுப்பினால் வேறு பட்டறையில் விசாரியுங்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

நம் குழுவில் யார் யார் குடும்பத்தில் வாடகை வண்டி உள்ளது? கடந்த ஒரு வருடத்தில் பட்டறைச் செலவு எவ்வளவு ஆனது? பில் வாங்கி வைத்திருக்கிறோமா?

பக்கத்து ஊர்களில் பவுடர் கோட்டிங் செய்யும் இடங்கள் எவை? இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் பயன்படுமே! நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கொடுத்தால் விலை குறைப்பார்களா என்றும் கேட்கலாம்.

சகோதரிகளே, சேமிப்பு என்பது பெட்டியில் போடும் பணம் மட்டும் அல்ல. வீணாகப் போகாமல் தடுத்த பணமும் சேமிப்புதான். அடுத்த முறை வண்டி பட்டறைக்குப் போகும்போது, காந்தத்தையும் இந்த ஆறு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போய் வாருங்கள்.